அப்பாவின் கடை, பாட்டியின் அடுப்படி... போனிலேயே உங்கள் முதல் டாக்குமென்டரியை எடுப்பது எப்படி?

விஸ்காம் படிப்பவர்களுக்கு ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்த அசைன்மென்ட் வந்தே தீரும். 'அஞ்சு நிமிஷத்துல ஒரு டாக்குமென்டரி எடுத்துட்டு வாங்க.' உடனே க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் கேள்வி, 'யார்கிட்டப்பா கேமரா இருக்கு?' அடுத்த கேள்வி, 'என்ன டாபிக் எடுக்கலாம்?' பிளாஸ்டிக் ஒழிப்பு, மொபைல் அடிக்‌ஷன், டிராஃபிக், மழைநீர் சேகரிப்பு என லிஸ்ட் நீளும். 'நான் எங்க வீட்டுல எடுக்கிறேன்' என்று மட்டும் அநேகமாக யாரும் சொல்ல மாட்டார்கள். 'எங்க வீட்டுல எடுக்க என்ன இருக்கு?' என்ற எண்ணம்தான் காரணம்.

நிறைய இருக்கிறது. விஸ்காம் மாணவராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கையில் ஒரு போன், பக்கத்தில் ஒரு மனிதர், மனதில் ஒரு கேள்வி இருந்தால் போதும். அந்தக் கேள்வியிலிருந்து எடிட்டிங் முடியும் வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம். எல்லாக் கட்டத்திலும் கூடவே வரும் விஷயம் ஒன்றும் உண்டு. மற்ற படங்களில் ஷூட்டிங் முடிந்ததும் 'பேக்கப்' சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். பெர்சனல் டாக்குமென்டரியில் அது முடியாது. படம் முடிந்த அன்று ராத்திரியும் அதே அம்மா கையால்தான் தோசை சாப்பிட வேண்டும். அதனால், ஒரு நல்ல ஷாட்டைவிட அந்த உறவு பெரிது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதென்ன பெர்சனல் டாக்குமென்டரி?

எடுப்பவருக்கும் எடுக்கப்படும் விஷயத்துக்கும் நேரடி உறவு இருக்கும் படம். அது உங்கள் குடும்பமாக இருக்கலாம், தெருவாக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். நியூஸ் ரிப்போர்ட்டில் ரிப்போர்ட்டர் ஒதுங்கி நிற்பார். இதில் நீங்கள் ஒதுங்க முடியாது, ஒதுங்கவும் வேண்டாம். கேமராவுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வரலாம். 'டேய், சாப்டியா?' என்று பாட்டி படத்துக்கு நடுவில் உங்களைக் கேட்கலாம். அதை வெட்ட வேண்டியதில்லை, அதுதான் படமே.

ஆனால், வ்லாக் வேறு, இது வேறு. வ்லாக்கில் அன்றைக்கு நடந்ததைக் காட்டுவீர்கள். இதில் உங்களுக்கே பதில் தெரியாத ஒன்றைத் தேடிப் போவீர்கள்.

இவர்கள் எப்படி எடுத்தார்கள்?

ஜப்பான் இயக்குநர் நவோமி கவாசே இருபதுகளின் நடுவில் இருந்தபோது, தன்னை வளர்த்த உறவுக்காரப் பாட்டியைப் பற்றி எடுத்த படம் 'கட்டட்சுமோரி'. 1994-ல் வந்தது. 8 எம்.எம். கேமரா, வீடு, காய்கறித் தோட்டம், பாட்டி. பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு பேத்தி தன் பாட்டியை எவ்வளவு கிட்டே போய்ப் பார்க்கிறாள் என்பது ஒவ்வொரு ஷாட்டிலும் தெரியும்.

பிரான்ஸின் ஆக்னஸ் வார்தா 2000-ல் எடுத்த 'தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ', அறுவடை முடிந்த வயலில் மிச்சம் மீதியைப் பொறுக்கிச் சேர்ப்பவர்களைப் பற்றியது. அப்போது அவருக்கு 70 வயதுக்கு மேல். கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேமரா கிடைத்ததும், ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு சுருக்கம் விழுந்த தன் இன்னொரு கையையே எடுத்தார். ஒருமுறை கேமராவை ஆஃப் செய்ய மறந்து நடக்க, லென்ஸ் மூடி தொங்கி ஆடுவது பதிவாகிவிட்டது. அதைத் தூக்கிப் போடாமல், மியூசிக் சேர்த்துப் படத்திலேயே வைத்துவிட்டார்.

நம் நாட்டில் ஆனந்த் பட்வர்தன், வயதாகிக்கொண்டிருந்த தன் பெற்றோரை வீட்டில் அவ்வப்போது எடுத்து வைத்த காட்சிகள், பல வருடங்களுக்குப் பிறகு 2023-ல் 'தி வேர்ல்ட் இஸ் ஃபேமிலி' என்ற முழுநீளப் படமாக மாறின. மதுரைக்காரரான ஆர்.பி.அமுதன் 2003-ல் எடுத்த 'பீ', ஒரு தெருவில் மலம் அள்ளிச் சுத்தம் செய்யும் ஒரு பெண் தொழிலாளியின் வேலையை அப்படியே பின்தொடர்கிறது. அமுதன் எடுத்தது குடும்பப் படம் அல்ல. ஆனால் ஒரு மனிதர், ஓர் இடம், ஒரு வேலை என்று சுருக்கிக்கொண்டால் படம் எவ்வளவு வலுவாக நிற்கும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

நாலு பேருமே கேமராவின் விலையை நம்பவில்லை. தாங்கள் எடுத்த மனிதர்களைக் கிட்டே போய்ப் பார்த்தார்கள்.

டாபிக் வேண்டாம், கேள்வி வேண்டும்

'தையல் தொழிலின் நிலை' என்பது டாபிக். இதை வைத்து ஐந்து நிமிடப் படம் எடுத்தால், கூகுளில் கிடைக்கும் தகவலை வாய்ஸ் ஓவரில் படிக்கத்தான் முடியும்.

உங்கள் அப்பா ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார் என்று வெச்சுக்குவோம். தெருவுக்குத் தெரு ரெடிமேட் கடை வந்தாச்சு. புதுத்துணி தைக்க வருபவர்கள் குறைந்து, ஜிப் மாற்ற, பேன்ட் உயரம் குறைக்க என்று ஆல்ட்ரேஷனுக்கு வருபவர்கள்தான் அதிகம். ஆனாலும் அப்பா தினமும் காலையில் ஷட்டரைத் தூக்குகிறார். 'ஏன்ப்பா இன்னும் கடையை மூடலை?' இது கேள்வி. இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியாது. ஒருவேளை அப்பாவுக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் இதைப் படமாக எடுக்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க இந்தத் தையல் கடையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

உங்கள் ஐடியா தேறுமா என்று பார்க்க மூன்று சோதனைகள்:

* கேள்வியை ஒரே வரியில் எழுத முடிகிறதா?
* அந்த மனிதர் ஏதாவது செய்துகொண்டிருப்பதை எடுக்க முடியுமா? உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் இருக்கிறது என்றால் படம் பாதியிலேயே படுத்துவிடும்.
* அடுத்த ஒரு மாதத்தில் குறைந்தது நாலு தடவையாவது அங்கே போக முடியுமா? ஹாஸ்டலில் இருந்துகொண்டு 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரை எடுக்கத் திட்டம் போட்டால் இது உதைக்கும்.

கேட்டுட்டு எடுங்க

'எங்க அப்பாதானே, எதுக்குப் பர்மிஷன்?' என்று தோன்றும். வீட்டு ஆட்கள் 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிள்ளையின் படிப்பு, மார்க் என்று வந்துவிட்டால் பிடிக்காவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். அதனாலேயே இங்கே ஒன்றுக்கு மூன்று முறை கேட்க வேண்டும்.

முதல் முறை, ஷூட்டிங்குக்கு முன்னால். என்ன எடுக்கப்போகிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'காலேஜ்ல போட்டுக் காட்டறது' ஒன்று, 'யூடியூப்ல ஏத்தறது' வேறொன்று, 'ஃபெஸ்டிவலுக்கு அனுப்பறது' மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் வேண்டும். க்ளாஸில் 40 பேர் பார்ப்பதற்கு ஓகே சொன்னவர், சொந்தக்காரர்கள் எல்லோருடைய போனுக்கும் லிங்க் போவதற்கு ஓகே சொன்னதாக அர்த்தம் இல்லை.

இரண்டாவது முறை, ஏதாவது சென்சிட்டிவான பேச்சு வந்தால் அந்த இடத்திலேயே. மூன்றாவது முறை, எடிட் முடிந்து வெளியே காட்டுவதற்கு முன்.

வெளியாள் என்றால் எளிய தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முழுக்க வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதை வீடியோவில் பதிவு செய்துகொள்ளலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் அப்பா, அம்மாவின் சம்மதமும் வேண்டும். கடைக்கு வரும் கஸ்டமர்கள் ஃப்ரேமில் விழுந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை. அளவு கொடுக்க வந்த பெண்ணுக்குத் தான் படத்தில் இருப்பதே தெரியாமல் போகக்கூடாது.

சம்பளத்துக்கு வேலை செய்பவரைப் படம் எடுக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. நிஷ்தா ஜெயின் 2007-ல் எடுத்த 'லக்‌ஷ்மி அண்ட் மீ', அவர் வீட்டில் வேலை செய்த இளம்பெண்ணைப் பற்றியது. முதலாளியும் வேலைக்காரரும் என்ற அந்த ஏற்றத்தாழ்வை மறைக்காமல், தன்னையும் சேர்த்தே ஃப்ரேமுக்குள் வைக்கிறார் நிஷ்தா. உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவை எடுக்கும் ஐடியா இருந்தால், அதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

போன் செட்டிங்: பத்து நிமிட வேலை

* லென்ஸைத் துடையுங்கள். 'என் போன் கேமரா மங்கலா இருக்கு' என்று புலம்புவதற்குப் பாதி நேரம் விரல் ரேகைதான் காரணம்.
* 1080பி போதும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 130 எம்.பி. வரை இடம் பிடிக்கும். 4கே என்றால் 170 முதல் 350 எம்.பி. வரை போகும். நாலு நாள் ஷூட்டிங்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.
* ட்யூப்லைட் வெளிச்சத்தில் வீடியோ மினுக் மினுக் என்று துடிக்கிறதா? நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். ஃப்ரேம் ரேட்டை 25 என்றும், புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50 என்றும் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐபோனில் கேமரா செட்டிங்கில் 'பால்' ஃபார்மட்டை ஆன் செய்தால்தான் 25 காட்டும்.
* முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும். இல்லாவிட்டால் யாராவது குறுக்கே போகும்போதெல்லாம் திரை இருட்டி வெளுக்கும்.
* ஜூம் செய்யாதீர்கள். நாலு அடி முன்னால் போங்கள்.
* ஏரோப்ளேன் மோட் கட்டாயம். அப்பா முக்கியமான விஷயம் சொல்லும்போது லோன் வேணுமா என்று கால் வந்தால், ரெக்கார்டிங்கும் போச்சு, மூடும் போச்சு.
* முதல் நாளே முடிவு செய்யுங்கள், படுக்கைவாட்டமா, நெட்டுக்குத்தலா என்று. ஃபெஸ்டிவலுக்கும் க்ளாஸ் புரொஜெக்டருக்கும் படுக்கைவாட்டம்தான் சரி. இரண்டையும் கலந்து எடுத்தால் எடிட்டில் அழ வேண்டியிருக்கும்.

சவுண்டுதான் பாதிப் படம்

படம் கொஞ்சம் ஆடினால் மன்னித்துவிடுவார்கள். பேசுவது கேட்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். இருக்கிற பட்ஜெட்டில் ஏதாவது வாங்க வேண்டுமென்றால் முதலில் சட்டையில் குத்தும் காலர் மைக். சில நூறு ரூபாயிலேயே வயர் வைத்த மைக் கிடைக்கிறது. அதுவும் முடியாதா? நண்பனின் போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். ரெக்கார்டிங் ஆரம்பிக்கும்போது கேமரா முன் ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து வீடியோவையும் ஆடியோவையும் ஒன்று சேர்த்துவிடலாம்.

ஃபேன், ஃப்ரிட்ஜ், டி.வி. மூன்றையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் பேட்டி. ஃப்ரிட்ஜை ஆஃப் செய்தால் உங்கள் பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃப்ரிட்ஜை ஆன் செய்ய மறக்க மாட்டீர்கள். சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டுகளின் பழைய ட்ரிக் இது.

பேட்டி முடிந்ததும் எல்லோரும் பேசாமல் இருக்க, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் 30 விநாடிகள் பதிவு செய்யுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் இந்தச் சத்தத்தை அடியில் போட்டால் வெட்டு தெரியாது. தனித்தனிச் சத்தங்களையும் சேகரியுங்கள். ஷட்டர் ஏறும் சத்தம், மெஷின் ஓடி நிற்பது, கத்திரி துணிக்குள் போவது. கண்ணை மூடிக் கேட்டாலும் அது தையல் கடை என்று தெரிய வேண்டும்.

என்னென்ன ஷாட் எடுக்கணும்?

ஒரு வேலையை எடுக்கும்போது ஐந்து ஷாட் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கடையும் தெரியும் ஒரு வைட். வேலை செய்யும் ஆள் இடுப்புக்கு மேல். முகம் மட்டும். கைகள் மட்டும். கடைசியாக, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பது. ஒவ்வொன்றையும் போனை அசைக்காமல் 10 விநாடிகளாவது பிடியுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் நாலு விநாடியே நாற்பது மாதிரித் தெரியும்.

ஸ்டாண்ட் இல்லையா? முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து எடுங்கள். லைட் இல்லையா? ஆளை ஜன்னல் பக்கம் முகம் திருப்பி உட்கார வையுங்கள். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

முதல் நாள் எடுத்ததில் பெரும்பாலும் எதுவும் தேறாது. கேமராவைப் பார்த்ததும் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வருவார், வசனம் பேசுவது மாதிரிப் பேசுவார். மூன்றாவது நாள் வந்துவிட்டால் உங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். படம் அங்கேதான் ஆரம்பிக்கும். ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' சுமார் 40 நிமிடப் படம்தான். அதற்காக முதுமலையில் கார்த்திகி கொன்சால்வெஸ் செலவழித்தது சுமார் ஐந்து வருடம். உங்களுக்கு நாலு ஞாயிற்றுக்கிழமையாவது வேண்டாமா?

பேட்டியில் வாயை மூடுங்க

சொந்தக்காரர்களைப் பேட்டி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 'அதான் உனக்கே தெரியுமே' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 'எனக்குத் தெரியும்ப்பா, பார்க்கிறவங்களுக்குத் தெரியாதுல்ல, அவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க' என்று கேட்டுப்பாருங்கள். உங்கள் குரலைப் படத்தில் வைக்காத திட்டம் இருந்தால், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். '1992-ல' என்று மட்டும் சொன்னால் உபயோகமில்லை, '1992-லதான் இந்தக் கடையைப் பிடிச்சேன்' என்று வர வேண்டும்.

'கஷ்டமா இருந்துச்சாப்பா?' என்று கேட்டால் 'ஆமா' என்று பதில் வரும். 'கடை திறந்த முதல் நாள் என்ன நடந்துச்சு?' என்று கேட்டால் கதை வரும். கை சும்மா இருந்தால் சிலருக்குப் பேச்சு வராது. காஜா எடுத்துக்கொண்டே, பட்டன் கட்டிக்கொண்டே பேசட்டும்.

அவர் பேசும்போது 'ம்... ம்...' கொட்டாதீர்கள், உங்கள் சத்தம் அவர் பேச்சோடு ஒட்டிக்கொள்ளும். தலையை மட்டும் ஆட்டுங்கள். முக்கியமாக, ஒரு பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். ஐந்து விநாடி சும்மா இருங்கள். அந்த அமைதியை நிரப்ப அவர் சொல்லும் இரண்டாவது வாக்கியம் முதல் பதிலைவிட நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேமராவை எப்போ கீழே வைக்கணும்?

அந்த ஐந்து விநாடி அமைதியில் அப்பா, நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லிவிடலாம். 'உன் காலேஜ் ஃபீஸுக்குத்தான் ரெண்டாவது மெஷினை வித்தேன். கடன் இன்னும் முடியலை. அம்மாவுக்குத் தெரியாது.'

படமெடுப்பவராக உங்களுக்குத் தெரியும், இதுதான் படத்தின் முக்கியமான இடம். பிள்ளையாகவும் உங்களுக்குத் தெரியும், இது க்ளாஸில் போட்டுக் காட்டும் விஷயம் இல்லை.

ஆப்கானிஸ்தான் இயக்குநர் ஹசன் ஃபசிலிக்கு இதைவிடக் கொடூரமான ஒரு நிலைமை வந்தது. தாலிபான் மிரட்டலுக்குப் பயந்து குடும்பத்தோடு நாட்டைவிட்டு ஓடியதை மூன்று மொபைல் போன்களில் அவர்களே எடுத்த படம் 'மிட்நைட் டிராவலர்'. 2019-ல் வந்தது. வழியில் ஒரு நாள் அவருடைய மகள் சிறிது நேரம் காணாமல் போகிறாள். பதறித் தேடும்போது, இதைப் படம்பிடித்தால் எப்படிப்பட்ட காட்சியாக இருக்கும் என்ற நினைப்பு தனக்குள் வந்ததையும், அதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்ததையும் அவர் படத்தில் குரலாகச் சொல்கிறார். அந்தத் தேடலை அவர் எடுக்கவில்லை.

அந்த நினைப்பு யாருக்கும் வரலாம், தப்பில்லை. அதற்கு அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான் விஷயம். அப்பா கடனைப் பற்றிச் சொன்ன அந்த நிமிடம், ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள். போனைக் கீழே வையுங்கள். படத்தை மறந்துவிட்டுப் பேசுங்கள். இரண்டு நாள் கழித்து, அவர் சாதாரணமாக இருக்கும்போது கேளுங்கள், 'அன்னைக்குச் சொன்னதைப் படத்துல வைக்கலாமாப்பா?'

'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். 'அம்மாகிட்ட நானே சொல்லிடுறேன், அப்புறம் வெச்சுக்கோ' என்று அவர் சொல்லலாம். கடன் பேச்சை விட்டுவிட்டு, மெஷின் இருந்த காலி இடத்தை மட்டும் வைக்கச் சம்மதிக்கலாம். முடிவு அவருடையது. சொல்லாமல் விட்ட விஷயம் உங்களுக்குத் தெரியும் என்பதாலேயே, அந்தக் காலி இடத்தை எத்தனை விநாடி காட்ட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எடிட்டிங்: முதலில் பேப்பர், அப்புறம் ஆப்

ஷூட்டிங் முடிந்த ஒவ்வொரு ராத்திரியும் ஃபைல்களைத் தேதி போட்டு ஃபோல்டரில் சேமியுங்கள். லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இன்னொன்று என இரண்டு காப்பி. நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் குவாலிட்டி குறைந்துவிடும்.

எடுத்த எல்லாவற்றையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். போரடிக்கும், ஆனாலும் பாருங்கள். பேட்டியில் வந்த நல்ல வரிகளை நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு துண்டுச் சீட்டு. தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்குங்கள். பேப்பரில் ஒரு வரிசை வந்த பிறகு எடிட்டிங் ஆப்பைத் திறந்தால் பாதி நேரம் மிச்சம். லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வின் இலவச வெர்ஷனே ஐந்து நிமிடப் படத்துக்குத் தாராளம். போனில் கைன்மாஸ்டர், வி.என். போன்றவை இருக்கின்றன. கைன்மாஸ்டரை இலவசமாகப் பயன்படுத்தினால் அதன் லோகோ படத்தின் மேல் விழும், கவனம்.

முதல் கட் 12 நிமிடம் வரும். கவலை வேண்டாம். படத்தைப் பற்றி எதுவும் தெரியாத மூன்று பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள், 'சூப்பர்' என்றுதான் சொல்வார்கள். அவர்கள் எந்த இடத்தில் தங்கள் போனைப் பார்த்தார்கள் என்று மட்டும் கவனியுங்கள். அந்த இடத்தை வெட்டுங்கள்.

வாய்ஸ் ஓவரும் பாட்டும்

திரையில் தெரிவதையே வாயால் சொல்ல வேண்டாம். 'இதுதான் எங்க அப்பாவின் தையல் கடை' என்பது நமக்கே தெரிகிறது. தெரியாததைச் சொல்லுங்கள். 'என் ஸ்கூல் யூனிஃபார்மை அப்பா எப்பவும் ரெண்டு இன்ச் பெருசாதான் தைப்பார்' என்றால் அந்த வீட்டின் கணக்கே புரிந்துவிடும். மேடைத் தமிழ் வேண்டாம், நீங்கள் வீட்டில் பேசும் தமிழே போதும். நெல்லையோ கோவையோ, அந்த வாடை இருக்கட்டும். நிமிடத்துக்கு 100 வார்த்தைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கனமான போர்வைக்குள் புகுந்துகொண்டு ரெக்கார்ட் செய்தால் எக்கோ வராது. வியர்க்கும், பரவாயில்லை.

சினிமாப் பாட்டைப் போட ஆசையாக இருக்கும். போடாதீர்கள். யூடியூபின் கன்டென்ட் ஐடி உடனே கண்டுபிடித்துவிடும். கடை ரேடியோவில் பின்னணியில் ஓடும் பாட்டுக்குக்கூட க்ளெய்ம் வரலாம். எனவே, பேட்டி நேரத்தில் ரேடியோவை நிறுத்திவிடுங்கள். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. மெஷின் சத்தமே போதும் என்று தோன்றினால் இன்னும் நல்லது.

முதல் ஷோ யாருக்கு?

புரொஃபசருக்கு அல்ல, அப்பாவுக்கு. ஃபைலை அனுப்பிவிட்டு ஓடிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். 'இந்த இடம் வேண்டாம்ப்பா' என்று அவர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், விளக்குங்கள், ஆனால் வற்புறுத்தாதீர்கள். இதற்காகவே சப்மிஷன் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் கட் தயாராக இருக்க வேண்டும். கடைசி நாள் ராத்திரி காட்டினால், மாற்ற நேரமில்லை என்ற சாக்கில் அவருடைய 'வேண்டாம்' அமுங்கிவிடும்.

ஃபைனல் கட்டில் இதையும் செக் செய்யுங்கள்: ஆதார் கார்டு, பேங்க் பாஸ்புக், போன் நம்பர் எழுதிய போர்டு, அளவு நோட்டில் கஸ்டமர்களின் பெயர்கள் எங்கேயாவது தெரிகிறதா? தெரிந்தால் ப்ளர் செய்யுங்கள்.

எங்கே அனுப்பலாம்?

முதலில் யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றுங்கள். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்ப்பார்கள், ஆனால் அந்த லிங்க் ஃபார்வர்டு ஆகலாம் என்பதையும் மறக்காதீர்கள். பப்ளிக் ஆக்கினால் முதல் சில நாள்கள் கமென்ட்டுகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் எழுதும் கேலியை அவர் படிக்க வேண்டிய அவசியமில்லை. கமென்ட் பாக்ஸை மூடிவைக்கவும் வசதி இருக்கிறது.

ஃபெஸ்டிவல் என்றால், மதுரையில் 'மறுபக்கம்' அமைப்பு 1998 முதல் டாக்குமென்டரி மற்றும் குறும்பட விழா நடத்திவருகிறது. திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாடமி 2008-ல் தொடங்கிய சர்வதேச டாக்குமென்டரி, குறும்பட விழா இருக்கிறது. மும்பை சர்வதேச திரைப்பட விழா 1990-லிருந்து டாக்குமென்டரிகளுக்கான களம். சில விழாக்கள் ஏற்கெனவே ஆன்லைனில் வெளியான படங்களை எடுத்துக்கொள்ளாது. எனவே விதிகளைப் படித்துவிட்டு, அதன் பிறகு பப்ளிக் பட்டனை அழுத்துங்கள்.

ஆறு வார பிளான்

* முதல் வாரம்: கேள்வியை எழுதுங்கள், சம்மதம் கேளுங்கள். போனை எடுக்காமல் ஒரு நாள் முழுக்கக் கடையில் சும்மா உட்காருங்கள்.
* இரண்டாவது வாரம்: வேலையை மட்டும் எடுங்கள். பேட்டி வேண்டாம்.
* மூன்றாவது வாரம்: முதல் பேட்டி, தனிச் சத்தங்கள். எடுத்ததைப் பார்த்துக் கேள்வியைத் திருத்துங்கள்.
* நான்காவது வாரம்: இரண்டாவது பேட்டி, விட்டுப்போன ஷாட்டுகள். பேப்பர் எடிட்.
* ஐந்தாவது வாரம்: முதல் கட், மூன்று பேர் டெஸ்ட், வாய்ஸ் ஓவர், இரண்டாவது கட். வார முடிவில் அப்பாவுக்கு முதல் ஷோ.
* ஆறாவது வாரம்: அவர் சொன்ன திருத்தங்கள், சப்டைட்டில், சப்மிஷன்.

ஆறு வாரம் மலைப்பாக இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பயிற்சி. வீட்டில் யாரையாவது கேட்டுவிட்டு, அவர் தினமும் செய்யும் ஒரு வேலையை ஐந்து ஷாட்டில் எடுங்கள். பூ கட்டுவது, மாவு அரைப்பது, வண்டி துடைப்பது, எதுவாகவும் இருக்கலாம். ஒரு நிமிடமாக வெட்டி அவரிடமே காட்டுங்கள். 'இதைப் போய் எதுக்கு எடுத்தே?' என்று கேட்பார். கேட்டுவிட்டு, அந்த வேலையை யாரிடம் கற்றுக்கொண்டார் என்று தானாகவே சொல்ல ஆரம்பிக்கலாம். அப்போது உங்கள் போனில் ரெக்கார்டிங் ஓடாது. ஓடாவிட்டால் என்ன? கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அனுமதி வாங்கிக்கொண்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.